வெட்டுப்பட்ட ‘பேஷ்’

ஸ்ரீவராகத்தில் ஒரு சபாவில் தரை பெருக்கி, அங்கேயே படுத்துக்கொண்டிருந்தேன். மறைந்த பாடகர் ஒருவரின் பழைய கச்சேரிப் பதிவை இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்து குறுந்தகடாக வெளியிட்டிருந்தார்கள். அதன் பெட்டியை மரத்தில் செய்திருக்க வேண்டும் என்றும், அட்டையே போதும் என்றும் ரசிகர்கள் சண்டை போட்டார்கள். காதில் முடி வளர்ந்த ஒரு பெரியவர் மட்டும் பெட்டியைத் தொடவில்லை.

“பெட்டி கிடக்கட்டும் ஓய். பல்லவி முடியற இடத்தில நான் ‘பேஷ்’ சொன்னேனே, அது எங்கே?”

“இரைச்சலோட அதும் போயாச்சு மாமா. இப்ப கேக்க நல்ல சுகமல்லே?” என்றார் வெளியிட்டவர்களில் ஒருவர்.

“அதைக் கேட்டுத்தான் அவர் சிரிச்சார். சிரிப்பை மட்டும் வெச்சிருக்கேளே! எதுக்குச் சிரிக்கறார்னு இனி யாருக்குத் தெரியும்?”

அதன்பின் சபாவில் அந்தக் குறுந்தகடு ஒலிக்கும்போதெல்லாம் அவர் வந்து உட்கார்ந்து, சரியான இடத்தில் ‘பேஷ்’ என்பார். பாடகர் சிரிப்பார்.

இப்போது வேறு ஊர்களில் அந்தப் பாட்டு காதில் விழுந்தால், நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.