இரண்டு நரம்பு, இரண்டு நைலான்

ரோசலின் அக்காவின் உடல் கோயிலுக்குள் வருவதற்கு முன்பே, அவர் கட்டிய நான்கு தந்திகளையும் பேஸ் வாத்தியத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். இது அவருக்குச் செய்த அநியாயம். அடக்க ஆராதனையில் அந்த வாத்தியம் பளபளக்கும் ஸ்டீல் தந்திகளோடு வேறு யாருடைய குரலிலோ பேசியது. அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்துவிட்டேன் என்று சிலர் நினைக்கிறார்கள். சும்மா இருக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. அக்காவின் மகள் பிரமிளா போனில் அழுதாள். “மாமா, அம்மா பூட்டாங்க.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பேஸ் நான்தான் வாசிப்பேன், சொல்லிடு” என்றாள். ஆனால் கோயிலில் அந்தத் தந்திகளைப் பார்த்ததும் வில்லைக் கீழே வைத்துவிட்டாள். வெளியூர்க்காரர் ஒருவர் வாசித்தார்.

கோயில் கமிட்டிச் செயலாளர் ஜெயசீலனிடம் கேட்டேன். ஒரகடத்துத் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதிக்கிறவர். “ரெண்டு மஞ்சளா கீது, ரெண்டு செம்பா கீது. செட்டே மேட்ச் ஆவல அங்கிள். அக்காவுக்கு மரியாதையாத்தான் புதுசு போட்டோம்” என்றார். கெட்டவர் அல்ல. 1991-ல் நடந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்த மூத்த சபையார் நீங்களாவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பேஸ் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வாத்தியம், பிடிலுக்குப் பாட்டன். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் கோயிலுக்கு வந்தது. தந்திகள் இற்றுப்போய் மூலையில் கிடந்ததால், அந்த 1991-ல் பட்டணத்துக் கோயில் ஒன்று அதைக் கேட்டது. எங்கள் கமிட்டியும் கொடுக்கச் சம்மதித்தது. “வர்ற கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அது பேசலன்னா எடுத்துக்கினு போகட்டும்” என்றார் அப்போதைய பெரியவர். அக்கா எழுந்து, “பேசும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. “அந்தப் பீப்பாய கட்டிக்கினு நிக்கப் போறாளாம்!”

அக்காவுக்குச் சங்கீதம் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும்தான். பிடிலை நானே தடவித் தடவிப் பிடித்தவன். அக்காவுக்குத் தெரிந்த தொழில் மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுவது. பிள்ளைப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். கடை அவர் கணவர் பெயரில் இருந்தது. கை அக்காவுடையது.

முதலில் பஞ்சு கொட்டும் காதர் பாயிடம் போனார். அவருடைய பஞ்சு வில்லின் நாண் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தது. நரம்பு என்போம். அதையே நான்கு தந்திக்கும் கட்டினோம். மெல்லிய இரண்டும் தேனாகப் பாடின. தடித்த இரண்டும் ஈரத் துணிக்கொடி மாதிரி தொளதொளத்தன. அடுத்து, செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் நைலான் வாங்கி நான்குக்கும் கட்டினோம். தடித்த இரண்டும் தொளதொளக்காமல் நின்றன, ஆனால் மெல்லிய இரண்டிலும் வில் பிடிக்காமல் வழுக்கியது. “சாமுவேலு, எதுக்கு நாலும் ஒரே சாதியா இருக்கணும்? எது எங்க பேசுதோ அத அங்க வெய்” என்றார் அக்கா என்னிடம். மெல்லியதற்கு நரம்பு, தடித்ததற்கு நைலான் என்று அன்று முடிவாயிற்று.

நைலானுக்குக் கனம் போதவில்லை. மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினார். ஊரே பாராட்டும் சுற்று. ஆனால் சுருதி ஏற்றியதும் நைலான் நீண்டது, செம்பு தளர்ந்தது, வாத்தியம் வண்டு புகுந்ததுபோல் கொர்ரென்றது. காயில் சுற்றுகிறவருக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. மோட்டாருக்குள் கம்பி சும்மா படுத்திருக்கும், தந்தி இழுபட்டு நிற்க வேண்டும். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. புது நைலானை உத்தரத்தில் கட்டி, அடியில் செத்துப்போன ஒரு பம்பு மோட்டாரைத் தொங்கவிட்டார். கடைக்கு வந்த விவசாயி ஒருவர், “இன்னாம்மா, மோட்டாருக்குத் தூக்கா?” என்று கேட்டார். “ஆமா. உன்னுது இன்னும் வாய்தாவுல கீது, குந்து” என்றார் அக்கா. நைலான் இனி நீள மாட்டேன் என்ற பிறகுதான் செம்பைச் சுற்றினார்.

கிறிஸ்துமஸ் பாட்டு விழா அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பேஸை எடுத்துப்போகப் பட்டணத்திலிருந்து வேனோடு வந்திருந்த பாட்டு மாஸ்டர் தந்திகளைப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா இது, ரெண்டு ஒரு மாதிரி, ரெண்டு ஒரு மாதிரி?”

“உங்க வூட்ல மாமியாரும் மருமவளும் ஒரே மாதிரியா கீறாங்க, அண்ணே? சோறு வேவுதுல்ல?” என்றார் அக்கா.

ஈரத்தில் நரம்புகள் இரண்டும் சுருதி நழுவின. செம்பு சுற்றிய இரண்டும் அசையாமல் நின்றன. அவற்றோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அக்கா நரம்புகளைத் திருகிச் சேர்த்தார். “ரெண்டு ஆடினா ரெண்டு நிக்குது. நிக்கிறத வெச்சி ஆடுறத புடி” என்றார், பக்கத்தில் பிடிலோடு நின்ற என் காதில்.

கடைசிப் பாட்டில் தகரக் கூரைமேல் மழை இடித்தது. பக்கத்தில் பாடுகிறவர் குரலே கேட்கவில்லை. பாட்டு சிதறப் போனது. அப்போது அக்கா தடித்த தந்தியில் வில்லை அழுத்தினார். அது காதுக்கு வரவில்லை. பெஞ்சுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. சிதறிய குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றுகூடின. மழை தோற்றது. மாஸ்டர் எங்கள் பெரியவரிடம், “இது இங்கேயே இருக்கட்டும்யா” என்றார். வேன் காலியாகத் திரும்பியது. பீப்பாய் என்று சிரித்தவர்கள் அதைத் தூக்கிவைக்கக் கை கொடுத்தார்கள்.

அதன்பிறகு நரம்பு தேயத் தேய மாற்றினார். நைலான் இரண்டும் அன்று கட்டியவையே.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டீல் தந்திகளை ஜெயசீலன் தன் கையாலேயே கழற்ற வேண்டும். ஆயர், அடக்கத்தில் வாசித்த குறிப்பில் ‘கணவரின் கடையில் உதவியாக இருந்தார்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘இந்த வாத்தியத்தை இந்தக் கோயிலில் நிறுத்தியவர்’ என்று எழுதி, முப்பதாம் நாள் ஜெபத்தில் உரக்க வாசிக்க வேண்டும். அன்று பிரமிளா பேஸ் வாசிக்க வேண்டும், வெளியூர்க்காரர் வேண்டாம். பிடில் நான் பிடிப்பேன்.

கழற்றிய தந்திகளை யாரும் தேட வேண்டாம். அடக்கம் முடிந்ததும் கோயில் குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்துவந்துவிட்டேன். நரம்புகளுக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். நைலான் இரண்டும் தளர்ந்துவிடாதபடி என் வீட்டு உத்தரத்தில், அடியில் ஒரு பழைய மோட்டாரோடு தொங்குகின்றன. அவற்றை மாட்டுவது என் வேலை.