தக்காளிக் கலவரமும் ஒரு சம்பந்தமும்

பாலக்கோட்டுப் பக்கம் நான் பெண் ஏட்டாக இருந்தபோது எங்கள் ஸ்டேஷன் எல்லையில் இரண்டு கோஷ்டிகள் இருந்தன. ஒன்று மேட்டுத்தெரு, இன்னொன்று ஏரிக்கரை. கோஷ்டி என்றதும் பட்டணத்துக் கூலிப்படையை எல்லாம் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். திருவிழாவுக்கு யார் பேனர் முன்னால் நிற்பது, யார் பைக் யார் பைக்கை முந்தியது, இவ்வளவுதான் இவர்கள் பகை. முறைப்பதில் மட்டும் இரண்டு தரப்பும் கெட்டிக்காரர்கள்.

இவர்களுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது தக்காளி. ஒரு வருஷம் தக்காளி விலை அடியோடு விழுந்துவிட்டது. பறிகூலிக்கும் தேறாத காயை விவசாயிகள் மார்க்கெட்டுக்கு வெளியே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குவியல் பக்கமாக இரண்டு கோஷ்டியும் பேனர் விஷயமாக எதிரெதிரே வந்து நின்றது. யார் கையிலும் ஆயுதம் இல்லை. காலடியில் தக்காளி கிடந்தது.

ரோட்டில் ரத்த ஆறு ஓடுகிறது என்று ஸ்டேஷனுக்கு போன் வந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் விசாரிக்காமல் கொள்ளாமல் வயர்லெஸ் மைக்கைப் பிடித்து, கலவரம், கூடுதல் படை வேண்டும் என்று சொல்லிவிட்டார். லத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அத்தனை பேரும் தலையிலிருந்து கால் வரை சிவப்பு. ஒருத்தன் மல்லாந்து கிடந்தான். போய்ச் சேர்ந்துவிட்டான் என்றே நினைத்து நான் பக்கத்தில் குனிந்தேன். அவன் எழுந்து உட்கார்ந்து, கண் எரிகிறது, தண்ணீர் வேண்டும் என்றான். வாயோரத்தில் விதை ஒட்டியிருந்தது.

அதற்குள் வேன் வேனாகப் படை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களிடம் தக்காளி என்று எப்படிச் சொல்வது? கலவரம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் கம்பீரமாகச் சொல்லி அனுப்பினார். பையன்களைக் குளிக்கச் சொல்லி விரட்டிவிட்டார். வழக்குப் போட்டால் கோர்ட்டில் எதைக் காட்டுவது என்ற கவலை அவருக்கு. கோஷ்டிக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து யாரோ எடுத்த வீடியோ, பறைச் சத்தம் சேர்க்கப்பட்டு, மாவட்டம் முழுக்கச் சுற்றியது. இரண்டு கோஷ்டித் தலைவர்களும், மேட்டுத்தெருக்காரனும் ஏரிக்கரைக்காரனும், ஒரே நாளில் ரவுடி ஆனார்கள்.

அதன்பிறகு மேட்டுத்தெருக்காரன் தன் பிறந்த நாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி அதையும் வீடியோ போட்டான். இந்த முறை கத்தி நிஜம் என்பதால் பிடித்து சப்-ஜெயிலில் அடைத்தோம். சிறை மனிதனைத் திருத்தும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவன் விஷயத்தில் அது பட்டமளிப்பு விழாவாக முடிந்தது. தாடியும் சதையும் வைத்து வெளியே வந்தான். மாலை போட்டு, முன்னும் பின்னும் பைக் விட்டு அழைத்துப் போனார்கள். ஏரிக்கரைக்காரன் பொறாமை தாங்காமல் இன்னும் பெரிய கேக்காக வாங்கி வெட்டினான். கத்தி கிடைக்காமல் பேக்கரிக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கத்தியால் வெட்டியிருந்தான். மறுநாள் அவனே ஸ்டேஷனுக்கு வந்து, தன்னை மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று என்னிடம் மனத்தாங்கலோடு கேட்டான்.

பிடித்து உள்ளே போட்டால் மட்டும் போதாது, இளைஞர்களின் மனசை மாற்றுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் அதை என் தலையில் கட்டினார். ஸ்டேஷனிலேயே எனக்குத்தான் வாய் அதிகமாம். முதலில் வாலிபால் வைத்தோம். நான்தான் நடுவர். எனக்கு விதி தெரியாது என்பதை முதல் சர்வீசிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு கோஷ்டியும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தது, என்னோடு சண்டை போடுவதற்காக.

அடுத்தது யோகா. கடைசியில் எல்லோரையும் மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடச் சொன்னார் வாத்தியார். அத்தனை பேரும் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார்கள். எங்கள் எல்லையில் நான் பார்த்த மிக அமைதியான நேரம் அதுதான். இன்ஸ்பெக்டர் மனசு குளிர்ந்துபோய் அதைப் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் மேலிடத்துக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. எத்தனை பேர் போயிட்டாங்க என்று பதறிக் கேட்டார்கள்.

இப்படி நாங்கள் மனசை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் மேட்டுத்தெருக்காரனுக்குப் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே பல இடம் வந்து, வீடியோவைப் பார்த்துவிட்டுத் தட்டிப் போயிருந்தது. இந்தப் பெண் டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. அவள் அப்பா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஸ்டேஷன் சுவரில் தன் போட்டோ ஏரிக்கரைக்காரன் போட்டோவுக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு காலத்தில் சண்டைக்கு வந்தவன், இப்போது என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், நான் ரவுடி இல்லன்னு அவுங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். அவ இல்லன்னா எனக்கு எதுவுமே வேணாங்க."

எனக்கு அவன்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. சொல்கிறேன் என்றேன்.

பெண்ணின் அப்பா வந்தார். மாரண்டஹள்ளிப் பக்கத்து விவசாயி. வெயிலில் காய்ந்த முகம், தோளில் துண்டு. வாசலில் துருப்பிடித்து நின்ற பறிமுதல் பைக் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னார். மாப்பிள்ளையைப் பற்றி வேண்டியவர்களிடம் விசாரிக்க மாட்டார்களாம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, வரப்புத் தகராறுக்காரன், இப்படி ஆகாதவனாகத் தேடிப் போய்த்தான் கேட்பார்களாம். அவன் வாயிலேயே குறை வராவிட்டால் தைரியமாகப் பெண் கொடுக்கலாம் என்பது கணக்கு.

"இந்தத் தம்பிக்கு ஆகாதவன் யாருங்க ஏட்டம்மா? அவனக் கூப்புடுங்க" என்றார்.

வேறு வழியில்லாமல் ஏரிக்கரைக்காரனுக்கு ஆள் அனுப்பினேன். அவன் தன் பட்டாளத்தை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தான். விஷயம் தெரிந்து மாப்பிள்ளையும் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான்.

பெரியவர் தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். இதில் ஓடுகிற ரத்தம் யாருடையது என்று கேட்டார்.

ஏரிக்கரைக்காரன் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளையின் ரவுடிப் பட்டத்தோடு அவன் பட்டமும் போகும். கேட்டுக்கு வெளியே அவன் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ரத்தம்தான் என்று சொன்னால் போதும், இத்தனை வருஷப் பகையும் ஜெயித்துவிடும். அவன் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"ரத்தம் இல்லீங்க. தக்காளிங்க" என்றான் கடைசியில். "இவன் ஒருத்தரையும் கை நீட்டி அடிச்சது கெடயாதுங்க. எறிஞ்சான், ஆனா ஒண்ணுகூட எம்மேல படலீங்க."

எனக்கு அவனைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன் படல? உன் நெத்தியில பட்டுச்சே" என்றான்.

நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். ஏரிக்கரைக்காரன், படவே இல்லை என்று சாதித்தான். இவன், பட்டது என்றான். பெரியவர் இருவரையும் கவனிக்கவே இல்லை. வீடியோவை மறுபடி ஓடவிட்டு, நிறுத்தி, படத்தை விரலால் பெரிதாக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மார்க்கெட்டுக்கு மேக்கால, டிரான்ஸ்பார்மர் பக்கந்தானுங்களே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அது எங்க காய்ங்க" என்றார் அவர். "டெம்போவுல வந்து பாத்தா கேக்க ஒரு ஆளில்ல. நாந்தான் அங்க கொட்டிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம பஸ் ஏறிட்டேன்."

இத்தனை வருஷமாக அந்த நாளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லாம் போயிற்று, ரத்தம் என்றே விட்டிருக்கலாம் என்று தோன்றியது. வெளியே போய்விடத் திரும்பிய மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

பெரியவர் போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டார்.

"ஊரே மிதிச்சிக்கிட்டுப் போச்சுங்க ஏட்டம்மா. இவுங்களாச்சும் கையில எடுத்தாங்க" என்றார். பிறகு பைக்கிலிருந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். "நாளைக்கி எங்க தோட்டத்துல பறிப்பு இருக்குதுங்க மாப்ள. வந்துருங்க. எறியாம பொட்டியில போடோணும்."

தம்பி என்பது மாப்ள ஆகிவிட்டதைப் புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சப்-ஜெயிலில் அழாதவன் பறிமுதல் பைக்குகளுக்கு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். ஏரிக்கரைக்காரன் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே, கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி, நெற்றியில் ஒன்று பட்டது நிஜந்தான் என்று பெரியவரிடம் ஒப்புக்கொண்டான்.