ஒரு ஏணி, நாலு பிரஷ், ஒரு இன்ஷூரன்ஸ் கார்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே ஆள் முதலாளியாகவும் இருக்கலாம், அவனே தொழிலாளியாகவும் இருக்கலாம், ஆகவே சர்க்காரின் வைத்திய இன்ஷூரன்ஸ் கார்டு அவனுக்குக் கிடைத்தே தீரும் — இப்படித்தான் நம்பினேன். இரண்டு வாரம். மனப்பூர்வமாக.

சிரிக்காதீர்கள். அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று எட்டிப் பார்த்தால் நீங்களும் எதையும் நம்புவீர்கள்.

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நான் போர்டு எழுதும் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சலூன் போர்டு. ஏணி மேல் நின்று இருமினேன்... எட்டிப் பார்த்தது. இறங்கினேன். உள்ளே போய்விட்டது. மறுபடி ஏறி வேண்டுமென்றே இருமினேன். மறுபடியும் ஆஜர்.

“ஹெர்னியா. ஆபரேஷன்தான். தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும்” என்றார் டாக்டர்.

எனக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. கோலிக்கு, அதாவது எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு, வருகிற வழியிலேயே ‘உரிமையாளர் மறைவையொட்டிக் கடை விடுமுறை’ என்று மனசுக்குள் எழுதி, எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

என் மனைவி பகவதி அழவில்லை. கணக்காகக் குத்தினாள்.

“பக்கத்து கோலி அக்கா வீட்டுக்காரருக்கு ஃபாக்டரி கார்டு இருக்கு. இப்ப பொஞ்சாதி பிள்ளைங்களுக்கும் உண்டுன்னு ஆக்கிட்டாங்களாம். நேத்து அந்தக்கா காய்ச்சலுக்குப் பைசா செலவில்லாம போயி ஊசி போட்டுட்டு வந்தா. உங்களுக்கும்தான் கார்டு இருந்துச்சு. வேலைய விட்டுட்டு புரொப்ரைட்டர் ஆனீங்க.”

உண்மைதான். குர்லாவில் டிரங்குப் பெட்டி செய்கிற ஃபாக்டரியில் பெட்டி மேல் ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தவன் நான். அப்போது கார்டு இருந்தது, வியாதி இல்லை. சொந்தக் கடை போட்டதும் முதல் போர்டை எனக்கே எழுதினேன். பெயருக்குக் கீழே ‘புரொப்ரைட்டர்’. பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

விடுவேனா? இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஃபாரத்தில் முதலாளி பெயர் — என் பெயர். தொழிலாளி பெயர் — என் பெயர். இரண்டு கையெழுத்தையும் வேறு வேறு மாதிரி போட்டேன். முதலாளி கையெழுத்து கொஞ்சம் சாய்வாக.

நீ முதலாளியா, வேலைக்காரனா என்று கிளார்க் ஹிந்தியில் கேட்டார்.

“தோனோ, சாப்” என்றேன். இரண்டும்தான்.

“சம்பளத்தில் இன்ஷூரன்சுக்கு யார் பிடிப்பது?”

“நான்தான்.”

“பிடிக்காமல் விட்டால்?”

“என் மேல் நானே புகார் கொடுப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. “கரண்டில் ஓடுகிற மெஷின் இருக்கிறதா? இருபது ஆள் இருக்கிறார்களா?”

“ஒரு ஏணி. நாலு பிரஷ்.”

ஃபாரத்தைத் திருப்பித் தந்தார். மரியாதையாகத்தான் தந்தார்... அதுதான் வலித்தது.

அதோடு நின்றேனா? நேரே குர்லா. பழைய முதலாளி காதர் பாய், மேலப்பாளையத்துக்காரர், ஃபாக்டரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“பாய், பழையபடி என்னை வேலைக்காரன்னு எழுதிக்கிடுங்க. பேருக்குத்தான்.”

“பேருக்கு எழுதினா இன்ஸ்பெக்டர் வந்து என்னையல்லா எழுதிக்கிட்டுப் போவான்? நெசமா வந்து வேல பாரும் வே. கார்டு தாரேன்.”

“நாளைக்கே வாரேன்.”

“ஒண்ணு சொல்லட்டா?” குரலைத் தாழ்த்தினார். “எங்கிட்ட இருக்கவன் எல்லாத்துக்கும் கார்டு இருக்கு. எனக்குத்தான் இல்ல. ரெண்டு வருஷமா மூலம். உக்காரவே பயமா இருக்கு. நான் யார்கிட்டப் போயி வேலைக்குச் சேர?”

அவர் ஏன் நின்றுகொண்டே இருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஜரானேன். ரோஜாப்பூ வரைய வேறு ஆள் வந்துவிட்டானாம். காலியாக இருந்தது ஒரே வேலை — பெட்டிகளைத் தூக்கி லாரியில் ஏற்றுவது.

ஹெர்னியாவுக்கு வைத்தியம் வேண்டுமென்றால் கார்டு வேண்டும். கார்டு வேண்டுமென்றால் பெட்டி தூக்க வேண்டும். முதல் பெட்டியைத் தூக்கினேன். எலுமிச்சங்காய் நார்த்தங்காய் ஆனது. அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரியும் வே” என்றார் பாய். “கார்டு வாரதுக்கு முன்ன நீரு போயிருவீரு போல இருக்கு.”

சர்க்காரைக் குறை சொல்ல வரவில்லை. நல்ல திட்டம். பக்கத்து கோலி அக்காவின் காய்ச்சல் போய்விட்டது, கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தத் திட்டம் ஃபாக்டரி கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே டீ விற்கிறவன், செருப்புத் தைக்கிறவன், தாராவியில் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறவன், போர்டு எழுதுகிறவன் — நாங்களெல்லாம் யார்? ஆளுக்கொரு பெரிய முதலாளி. குடல் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாடல்.

அன்று சாயங்காலம் பகவதியிடம் சொன்னேன், முனிசிபல் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப் போகிறேன் என்று. அவள் பையைத் தயாராக வைத்திருந்தாள். மூன்று நாளாகவே தயாராம்.

முதல் தடவை போனேன். பெட் இல்லை. இரண்டாம் தடவை, பெட் இல்லை. மூன்றாம் தடவை டாக்டர் இல்லை. நாலாம் தடவை வரிசையில் எனக்கு முன்னால் தெரிந்த முதுகு ஒன்று... காதர் பாய். கார்டு வைத்திருக்கிற இருபத்துச் சொச்சம் பேருக்கு முதலாளி. உட்காரப் பெஞ்சு இருந்தது, அவர் நின்றார். “பாத்தீரா வே, ரெண்டு புரொப்ரைட்டரும் ஒரே வரிசையில” என்றார்.

அன்றும் பெட் இல்லை. ஐந்தாம் தடவை போனேன்.

போவதற்கு முன்னால் கடைக் கதவுக்கு ஒரு போர்டு எழுதினேன். மனசுக்குள் எழுதி வைத்திருந்ததை அல்ல. ‘கடை விடுமுறை. திரும்பி வருவேன்.’ சிவப்பில்.

பெட் கிடைத்தது. ஆபரேஷன் நடந்தது. பதினோரு நாள் படுத்திருந்தேன். பதினோரு நாளும் கடை பூட்டியே இருந்தது. பன்னிரண்டாம் நாள் முதலாளியும் தொழிலாளியுமாக நானே போய்த் திறந்தேன்.