வாய் திறக்கக் கூடாத வேலை

காலைப் பாத்திரங்களைத் துலக்குவது கணவர். துலக்கியதை அடுக்குவது மனைவி. அதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் இருந்த காலத்தில் அவர் ஒருநாள் உப்புக் காப்பி குடித்துவிட்டார். "தப்பு உங்க மேல இல்ல, டப்பா மேல" என்று அவள் சொன்னது, கல்யாண வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

இணையதளத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் ஜனங்கள் முழிக்க மாட்டார்கள் என்று பார்ப்பது அவள் உத்தியோகம். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் ஆபீஸில் அவள் பெயர் 'ஏன் அக்கா'. முன்பு பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டே "பஸ் எங்கம்மா நிக்கும்?" என்பார்கள். மற்றவர்கள் ஜனங்களைத் திட்டினார்கள். இவள் பலகையைத் திட்டினாள். புத்தி இந்தப் பக்கம் திரும்பியது அங்கேதான். விசிறியைப் போடப் போன விருந்தாளி வீட்டையே இருட்டாக்கிய மறுநாள், விசிறி சுவிட்சுக்கு நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தவளும் அவளே.

இப்போது பஸ் டிக்கெட் தளம் ஒன்று. பக்கத்தின் உச்சியில் அலையடிக்கும் கடல் படம் வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். டிக்கெட் எடுக்கும் கட்டங்கள் கீழே போய் ஒளிந்துகொண்டன. யார் கண்ணிலும் படாது என்பது இவள் கட்சி. படம் வேண்டுமா வேண்டாமா என்று மத்தியானம் முடிவெடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வரவேண்டியவருக்குக் காய்ச்சல். கையோடு கிடைத்தவர் நாத்தனார்.

ரெண்டே நாள் என்று வந்த நாத்தனார் துணி காயப்போடத் தனிக் கொடியே கட்டிக்கொண்டுவிட்டார். அதில் இவளுக்கு வருத்தமில்லை. அவர் வந்ததிலிருந்து சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகியிருந்தது.

சோதனைக்கு விதி இரண்டு. செய்பவர் மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்ப்பவர் வாயே திறக்கக் கூடாது. திறந்தால் சோதனை செல்லாது.

"அக்கா தூங்கும்போதே அதைத்தான் பண்றா," என்றார் கணவர், சோப்பு நுரைக் கையோடு. "நீ வாய மூடிட்டு உக்காருவியா? அதைப் பாக்க நான் டிக்கெட் எடுத்துட்டு வருவேன்."

கொடுக்கும் வேலை அவரவர் வாழ்க்கையில் நடப்பதாக இருக்க வேண்டும் என்பது தொழில் பாடம். கணினிக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் ஆபீஸிலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் பிசகாமல் அவள் சொன்னாள்: "அண்ணி, உங்க ஊருக்குத் திரும்பிப் போக ஒரு டிக்கெட் எடுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ஓகோ," என்றார் நாத்தனார். "கேமரா வெச்சு அனுப்புறீங்களா?"

கணவர் வாசற்படியில் நின்று 'இல்லைன்னு சொல்லு' என்று கையை ஆட்டினார். நுரை சுவரில் தெறித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மனசுல ஓடுறதைத்தானே சொல்லணும்? சொல்றேன். தம்பி பொண்டாட்டி தங்கம்னு நெனச்சேன். கடல் காட்டுறாங்க. நல்லாத்தான் இருக்கு." படத்தைத் தட்டினார். மறுபடி தட்டினார். "என்னப்பா, அலை அடிக்குது, பஸ்ஸைக் காணோம்? நீந்தியா போகச் சொல்றீங்க?"

கணினியில் மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனார் சமாதானமாகிவிடுவார்; ஆனால் சோதனை செல்லாமல் போய்க் கடல் படம் தப்பித்துவிடும்.

தற்செயலாக விரல் வழுக்க, பக்கம் நகர்ந்து கட்டங்கள் வந்தன. "அட, இங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க!" ஊர்ப் பெயரைத் தட்டினார். தேதிக் கட்டத்தில் காலண்டர் விரிந்தது. மாதத்தைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அடுத்த வருஷம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

"இந்த நாள் எனக்குத் தோதுப்படும்," என்று ஒன்றை அழுத்திவிட்டு எழுந்தார். "அதுவரைக்கும் இருக்கலாமில்ல?"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். நாத்தனார் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தானும் சிரித்துக்கொண்டே கொடியில் காய்ந்த துணியை எடுக்க வெளியே போனார்.