பதினோரு நிமிடம்

திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கும் ஓர் ஆலையின் வருகைப்பதிவுக் கணினி என் பொறுப்பு. பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி அக்காவுக்குத் தினமும் 'லேட்' விழுந்தது.

"ஒம்போது ஆவ இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது, என் போனைப் பாருங்க சார்."

"போன் தப்பு காட்டும். லினக்ஸ் கம்ப்யூட்டர் காட்டாதுக்கா," என்றேன். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம்தான் என் போனோடு ஒப்பிட்டேன். இணையம் இல்லாத அந்தக் கணினி பதினோரு நிமிடம் முந்தி ஓடியது. நேரத்தை மாற்றும் 'டேட்' கட்டளையை ஒரே வரியில் அடித்துத் திருத்தினேன்.

அக்காவைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"வேலை கெடக்கட்டும் சார். நான் பொய் சொல்றேன்னு எம் பொண்ணு நெனச்சிக்கினு இருக்கா. அவகிட்ட சொல்லுங்க."

"ஹலோ, யாருங்க?" என்றாள் போனை வாங்கிய மகள்.

கணினிக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. அவளிடம் முதல் வரியையே மூன்று முறை மாற்றித் தொடங்கினேன்.