கோமதிநாயகத்தைத் தேடி உள்ளே போனவர்

கோமதிநாயகத்தை எங்கள் ஃபேக்டரி லைனில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எஸ்கேப் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். தென்காசிப் பக்கத்து ஆள். ஓ.டி., அதாவது ஓவர்டைம், என்று சூப்பர்வைசர் வாயெடுப்பதற்குள் மாயமாகிவிடுவான், மகராசன்! எப்படிப் போகிறான் என்பது அவனோடு ரூமில் தங்கியிருந்த மாரிராஜுக்கு மட்டுமே அப்போது தெரியும். லைனை நிறுத்திக் கூட்டிப் பெருக்கும் நேரத்தில் கேன்டீன் வேனில் ஏறிக் கேட்டைத் தாண்டிவிடுவான். ஷிப்ட் முடிந்ததும் மாரிராஜ் தன் கார்டோடு அவன் கார்டையும் மெஷினில் அடித்துவிடுவான். மாட்டினால் இரண்டு பேருக்கும் வேலை காலி.

அந்த வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் பஸ் பிடிக்க நழுவிவிட்டான். கொஞ்ச நேரத்தில் சைரன் அலறியது. உலைக்குப் போகும் குழாயில் அமோனியா வாயு கசிந்துவிட்டது. கண் எரிய, மூச்சு முட்ட, விழுந்தடித்து வெளியே ஓடிவந்தோம்.

சூப்பர்வைசர் இளங்கோவன் தலைகளை எண்ணினார். கார்டு மெஷின் கணக்குக்கு ஓர் ஆள் குறைந்தது.

"கோமதி எங்கடா? எவனாவது பாத்தீங்களா?"

மாரிராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கோமதியின் கார்டு அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அட பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா!

"ஃபயர் வண்டி வரட்டும் சார்," என்று அவர் கையைப் பிடித்தேன்.

"வுடுய்யா. புள்ள உள்ள கீறான்." கர்ச்சீப்பை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சார், அவன் உள்ள இல்ல சார்!" மாரிராஜ் கத்தியபோது அவர் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு அவனை அறையலாம் போல வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த கோமதி சைரன் கேட்டுத் தோளில் பையோடு ஓடிவந்தான். "ஏல, எல்லாரும் வந்தாச்சா?"

"ஒன்னத் தேடி சார் உள்ள போயிட்டாருல," என்று மாரிராஜ் அழுதான்.

கோமதி பையை வீசிவிட்டுப் புகைக்குள் பாய்ந்தான். இருமல் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. முத்துமாரியம்மா, காப்பாத்து என்று யாரோ வேண்டிக்கொண்டார்கள். கடைசியில் இளங்கோவனின் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு கோமதி வெளியே வந்தான்.

அவருக்குக் கண் வீங்கி மூடியிருந்தது. தன்னைப் பிடித்திருப்பது யாரென்று தெரியாமல் கையை உதறினார். "என்ன வுட்டுட்டுப் போப்பா. கோமதி இன்னும் உள்ளதான் கீறான்."

"பேசாம இருல," என்று மாரிராஜ் கோமதியின் காதில் கெஞ்சினான். "நீ உள்ள இருந்தன்னே சார் நெனைக்காரு. தப்பிச்சிட்டோம்."

கோமதி அவன் கையைத் தட்டிவிட்டான்.

"நாந்தான் சார் கோமதி. நான் உள்ளயே இல்ல சார்," என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.