மிஸ்டேரா, ஹன்டரா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு விமானத்தின் படம் மாட்டியிருந்தது. விமானம் என்று நான் சொன்னால்தான் தெரியும். சாம்பல் நிற வானத்தில் கறுப்பாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். தொண்டாமுத்தூரிலிருந்து துடியலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கண்ணாடியில் கறை பட்டிருக்கிறது என்று நினைத்து முந்தானையால் அழுத்தித் துடைத்திருக்கிறேன்.

அதை எடுத்தவர் என் கணவர். கல்யாணத்துக்கு முன்பு, பெங்களூரில் நடந்த ஒரு விமானக் காட்சிக்குத் தன் சிநேகிதரோடு போய், இரவல் கேமராவில் எடுத்த படம். பின்னால் அந்தச் சிநேகிதர் பீளமேட்டில் பம்புக்கு வார்ப்பு போடும் ஃபவுண்டரி வைத்தார். இவர் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஆனார். இரண்டு பேர் தலையிலும் நரை விழுந்தது. படத்தில் இருப்பது எந்த விமானம் என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. என் கணவர் மிஸ்டேர் என்பார். ஃபவுண்டரிக்காரர் ஹன்டர் என்பார்.

இரண்டும் ஒரு காலத்தில் நம் விமானப்படையில் இருந்த ஜெட் விமானங்கள். இரண்டுக்கும் இறக்கை பின்பக்கம் சாய்ந்திருக்கும். மிஸ்டேர் காற்றை இழுக்கிற வாய் அதன் மூக்கிலேயே இருக்கும். ஹன்டரின் மூக்கு கூர்மை. அதற்கு வாய் இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்று. படத்தில் மூக்கும் தெரியாது, வாயும் தெரியாது. அப்புறம் என்ன, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் மொட்டை மாடியில்தான் சபை. பேங்க்கில் வேலை பார்த்த இன்னொரு சிநேகிதரும் வந்து சேருவார். பழைய காட்சிகளின் கதை ஓடும். டகோட்டா வாலைத் தரையில் வைத்து நிற்கும் அழகு, நேட் காதுக்குள் புகுந்து போன வேகம், கான்பெரா தாழப் பறந்தபோது பேங்க்காரரின் தொப்பி விழுந்தது. சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஏதாவது விமானம் வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். பெயரைத் தப்பாகச் சொன்னவர் அடுத்த வாரம் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வர வேண்டும். கடைசியில் எப்படியும் மிஸ்டேர், ஹன்டரில் வந்து முடியும். "போடா, கண்ணாஸ்பத்திரிக்குப் போ" என்று இவர் கத்துவார். "எடுத்தவனுக்கே என்ன எடுத்தோம்னு தெரியல" என்று அவர் கத்துவார். பக்கத்து வீட்டு அம்மா ஒரு தடவை பங்காளிச் சண்டை என்று பயந்து ஓடி வந்திருக்கிறார்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்கள் ஊரில் தோட்டத்துக்குள் யானை இறங்கினால்தான் எல்லாரும் தட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம். இந்த வீட்டில் மேலே எது போனாலும் தட்டில் சோறு ஆறிவிடும். நான் சுடச்சுட அரிசி பருப்பு சாதம் ஆக்கி வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவேன். ஆனால் ஒன்று, இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து இது ஆவ்ரோ, இது ஆன்டனோவ் என்று எனக்கும் தெரிய ஆரம்பித்திருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் என்னையும் மாடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாக நின்றுபோனது. "வரலாம்மா, வராமலும் போகலாம். பேச்சுக் குடுத்துட்டே இருங்க" என்றார் டாக்டர்.

கொடுத்தேன். சொந்தக்காரர்கள் பெயரை எல்லாம் சொன்னேன். மருதமலைக்கு வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். பெருந்துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன் லீவு போட்டு வந்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசினான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் சொல்வது புரிகிறதா, ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்றது. கை கால் போனால் போகிறது, நான் தூக்கி நிறுத்திக்கொள்வேன். மனுஷனே போய்விட்டால் என்ன செய்வது?

சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாடிக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், இழவு வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்கள். "டேய்" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டு வருகிற ஃபவுண்டரிக்காரர், சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் போல, "சாப்பிட்டீங்களாங்க? நல்லா தூக்கம் வருதுங்களா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் மேலே ஒரு விமானம் போனது. ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நோயாளி மனது கஷ்டப்படும் என்று இரண்டு பேரும் காது கேட்காதவர்களாக இருந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஃபவுண்டரிக்காரரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். "ஏனுங்ணா, எதுக்கு இந்த மரியாதையெல்லாம்? எப்பவும் போலச் சண்டை போடுங்க. அதையாச்சும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எப்படிங்கம்மணி போடறது? திருப்பிப் பேச முடியாதவன்கிட்டச் சண்டை போட்டா, அது சண்டைங்களா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். கட்டிலில் உட்கார்ந்து, என் கணவரின் கண்ணுக்கு நேராக அதைப் பிடித்தார்.

"நீங்க சொன்னதுதானுங்க சரி. நல்லா பாத்துட்டேன். இது மிஸ்டேர்தான். நாந்தான் இத்தன வருசமா வீம்பு பண்ணிப்போட்டேன்."

இந்த மனிதர் விட்டுக்கொடுக்கிறார் என்றால் வழியனுப்ப வந்திருக்கிறார் என்று அர்த்தம். சாகிறவனுக்கு வாயில் பால் ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறார். படத்தைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது.

அப்போதுதான் என் கணவரின் முகம் மாறியது. புருவம் சுருங்கியது. இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்து படத்தைத் தட்டியது. ஒரு தட்டு இல்லை, கண்ணாடி உடைந்துவிடும் போலத் தொடர்ந்து தட்டினார். வாய் கோணிக்கொண்டு திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. என்னமோ ஆகிவிட்டது என்று நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டார்.

"இ... இல்ல."

பேங்க்காரர் எழுந்துவிட்டார்.

"ஹன்... ஹன்டர்."

சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். வேர்த்துக் கொட்டியது. அடுத்தவன் தப்பாகச் சொன்னதைத் திருத்திவிட்ட பழைய நிம்மதி அந்தக் கோணல் முகத்தில் அப்படியே இருந்தது. அப்பாடா, ஆள் உள்ளேதான் இருக்கிறார்! ஒரு இடத்துக்கும் போகவில்லை.

முதலில் சுதாரித்தவர் ஃபவுண்டரிக்காரர்தான். படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அடப் பாவி! அப்ப உனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தன வருசமா என் உசுர வாங்கினியா? எந்திரிடா நீ, எந்திரிச்சு நில்லுடா சொல்றேன்!"

அந்த "டா" என் காதில் தேனாக விழுந்தது. இவர் பாதி வாயால் சிரித்தார். ஃபவுண்டரிக்காரர் திட்டிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே திட்டினார். நான் உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார்கள்.

முயலுக்கு நான்கு கால்தான் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. சில வாரம் கழித்து, இரண்டு மூன்று வார்த்தை சேர்ந்து வர ஆரம்பித்தபோது, எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் வெகுநேரம் வார்த்தையைத் தேடினார்.

"ஒத்துக்கிட்டா... அப்பறம்... ஞாயித்துக்கெழம... சும்மா வருவானா?"

பம்பு ஆர்டரும் வேலையாட்கள் தகராறுமாகத் திண்டாடுகிற மனிதர் வாரம் தவறாமல் பீளமேட்டிலிருந்து துடியலூர் வந்தது தேங்காய் பன்னுக்காக இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கெட்டிக்காரர்தான் என் வீட்டுக்காரர்.

அந்த வித்தையை நானும் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வாசல் தென்னைக்கு அடியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைப்பேன். மேலே சத்தம் கேட்டதும், "ஆவ்ரோ போகுதுங்க" என்பேன். அவரால் பொறுக்க முடியாது. "இல்ல" என்று ஆரம்பிப்பார். முதலில் அந்த ஒரு சொல்லோடு நிற்கும். பிறகு "ஆன்டனோவ்" என்பது சேர்ந்தது. பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டி, "எஞ்சின்... றெக்கைக்கு மேல இருக்குது பாரு" என்று விளக்கம் வந்தது. நான் மறுநாளும் ஆவ்ரோ என்பேன். அவர் மறுநாளும் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்வார். மழைக்காலம் முடிவதற்குள், திக்கினாலும் முழு வாக்கியமாகத் திட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு நாள் அப்படித் திட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன் அம்மணி, உனக்கு நெசமாலுமே தெரியலையா?"

"தெரியலீங்களே," என்றேன். "இன்னொருக்கா சொல்லுங்க."